இனிப்புக் கஷாயம்

வூஹு நகரில் மூன்றாவது நாளாக மழை தூறிக்கொண்டிருந்த காலையில், காவலர் ஃபான் ஒருவரை அழைத்துக்கொண்டு வெய் சூச்சினின் வீட்டுக்கு வந்தார். மருத்துவமனையின் மூலிகைப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் சரக்கு நிறுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர் வெய். மருந்து சம்பந்தமான புகார் எது வந்தாலும் ஃபான் நேராக அவரிடம்தான் ஓடி வருவார். வந்தவர்கள் உட்கார, இரண்டாவது நாற்காலியில் குவிந்திருந்த பழைய செய்தித்தாள்களை வெய் எடுத்துக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

வந்தவர் பெயர் லு பெய்வென். தொலைவிலுள்ள ஷென்சென் நகரில் வேலை. கையில் பிளாஸ்டிக் உறை ஒன்று வைத்திருந்தார்.

"எங்கம்மாவுக்கு யாரோ விஷம் வெக்கறாங்க மேடம்" என்றார்.

"யாரோன்னு ஏன் இழுக்கறீங்க? வேலைக்காரி தாங்தான். கேஸ் முடிஞ்ச மாதிரி!" என்றார் ஃபான்.

"இருங்க ஃபான்" என்ற வெய், உறையைப் பிரித்தார்.

பெய்வெனின் தாய் ஷென் யாச்சிங், எழுபத்து நான்கு வயது, தனியாக இருப்பவர். ஒரு மாதமாகக் கால் வீங்கி, நடை தளர்ந்து, போன வாரம் மாடிப்படியில் விழுந்துவிட்டார். மருத்துவமனைச் சீட்டில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, பொட்டாசியம் மிகவும் குறைந்திருந்தது. கூடவே ஒரு மூலிகைச் சீட்டு: அதிமதுரம் ஒன்பது கிராம், கோதுமை முப்பது கிராம், சிவப்பு இலந்தைப் பழம் பத்து. கீழே, டாக்டர் ஹுவாங் என்ற பெண் மருத்துவரின் கையெழுத்து.

"மருந்துன்னா கசக்கணும் இல்லையா? மிச்சமிருந்ததை நாக்குல வெச்சுப் பாத்தேன். பாயசம் மாதிரி இனிக்குது. அந்தத் தாங் எதையோ கலக்கறா" என்றார் பெய்வென்.

"இந்த மூணு சரக்கையும் கொதிக்க வெச்சா இனிக்கத்தான் செய்யும். ரொம்பப் பழைய கஷாயம் இது. காரணமில்லாம அழுகை வர்றவங்களுக்குக் கொடுப்பாங்க." வெய் சீட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "அம்மா அழறாங்களா?"

பெய்வென் குனிந்து தன் கைப்பேசியைப் பார்த்தார். "போன்ல நல்லாத்தான் பேசுவாங்க."

"ஒன்பது கிராம் அதிமதுரம் ஒரு மாசத்துல இவ்வளவு பண்ணியிருக்குமாங்கிறது சந்தேகம். வாங்க, வீட்டைப் பாத்துடலாம்."

வேலையை விட்டு நிறுத்தப்பட்டிருந்த தாங்கையும் ஃபான் வரவழைத்திருந்தார். ஐம்பது வயதுப் பெண். அழுது சிவந்த கண்களோடு சமையலறை வாசலில் நின்றாள்.

"எப்படிக் காய்ச்சுவே, சொல்லும்மா" என்றார் வெய்.

"காலைல மண்சட்டில ஒரு தடவைதான். இலந்தையைக் கீறிக் கொட்டையை எடுத்துட்டுப் போடுவேன். கொட்டையோட போட்டா உடம்புக்குச் சூடு. பதினொரு மணிக்கு நான் கிளம்பிடுவேன், சக்கையைக் கட்டிக் கையோட குப்பைல போட்டுட்டுப் போயிடுவேன். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

"பதினொரு மணிக்கு மேல ஷென் அக்கா என்ன பண்ணுவாங்க?"

"பூங்காவுல ஆடப் போறேன்னு சொல்வாங்க."

வெய் சமையலறையை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். மண்சட்டியைப் பார்த்தார். ஒரே ஒருவருக்குச் சோறாக்கும் சின்ன மின்குக்கரைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பால்கனிக்குப் போய், செம்பருத்தித் தொட்டியின் மண்ணை விரலால் கிளறினார். ஊறிய கோதுமை வந்தது. அதனோடு, உப்பிய முழு இலந்தைப் பழங்கள். ஒன்றை நசுக்கினார். உள்ளே கொட்டை இருந்தது.

"பாத்தீங்களா, தடயத்தைப் புதைச்சு வெச்சிருக்கா!" என்று ஃபான் துள்ளினார்.

"சத்தம் போடாதீங்க" என்ற வெய் உள்ளே போனார்.

ஷென் யாச்சிங் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். வீட்டில்தான் இருந்தார் என்றாலும் நல்ல கம்பளிச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். வெய் அருகில் உட்கார்ந்ததுமே, கேட்காமலே சட்டைக்கையைச் சுருட்டி, மணிக்கட்டை மேலே திருப்பி மேஜைமேல் வைத்தார். வெய் நாடி பார்க்க மூன்று விரல்களை அதன்மேல் வைத்தார்.

"உங்க டாக்டர் நல்லாப் பாக்கறாரா அக்கா?"

"ரொம்ப நல்லவரு. தாடியை ஒரு கையால நீவிக்கிட்டே கண்ணை மூடிக்குவாரு. ரெண்டு கையும் பாப்பாரு. அவசரமே கிடையாது."

வெய் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு எல்லோரையும் அந்த அறைக்குள்ளேயே கூப்பிட்டார்.

"தாங் எதுவும் கலக்கலை" என்றார். "அவ கொட்டை எடுத்துட்டுத்தான் போடுவா, சக்கையையும் வெளியில கொண்டு போயிடுவா. தொட்டியில கிடக்கறது கொட்டையோட வெந்த பழம். அப்ப, அவ போன பிறகு இந்த வீட்ல இன்னொருத்தர் கஷாயம் காய்ச்சியிருக்காங்க. சோத்துக் குக்கர்ல சோத்து வாசனையே இல்லை, அதிமதுர வாசனைதான் அடிக்குது."

"இன்னொருத்தரா? யாரு?" என்றார் பெய்வென்.

"சீட்டுல இருக்கறது டாக்டர் ஹுவாங், பொம்பளை. அம்மா சொல்றது தாடிக்காரரு." வெய் கிழவியின் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "அக்கா, பூங்காவுல ஆடலை இல்லே? நீங்களேதான் குக்கர்ல காய்ச்சிக் குடிச்சிருக்கீங்க. மொத்தம் எத்தனை டாக்டர்கிட்ட போனீங்க?"

ஷென் யாச்சிங் மடியைப் பார்த்தார்.

"மூணு" என்றார்.

"தாடிக்காரர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"தூக்கம் வரலைன்னேன். ஹுவாங்கிட்ட அழுகை வருதுன்னேன். பாலத்துக்கிட்ட ஒரு சின்னப் பையன் டாக்டர். அவன்கிட்ட, சும்மா கொட்டாவியா வருது, நெஞ்சு படபடங்குதுன்னேன். ஒருத்தர்கிட்டயே தினம் தினம் போனா என்ன நினைப்பாங்க?"

"தூக்கமின்மை, அழுகை, கொட்டாவி. மூணுக்கும் இதே கஷாயம்தான்" என்றார் வெய். "மூணு பேரும் சரியாத்தான் எழுதியிருக்காங்க. ஒருத்தருக்கு இன்னொருத்தரைத் தெரியாது. ஒரு நாளைக்கு இருபத்தேழு கிராம் அதிமதுரம் உள்ள போயிருக்கு. அது உப்பையும் தண்ணியையும் உடம்புல நிறுத்தும், பொட்டாசியத்தை வெளியேத்தும். காலு வீங்கினதும் தளந்ததும் அதனாலதான்."

"வாங்கினா வாங்கிட்டுப் போறீங்க, குடிக்காமத் தூக்கிப் போட்டிருக்கலாமேம்மா!" என்றார் பெய்வென்.

"அடுத்த தடவை போனா, குடிச்சீங்களான்னு கேப்பாங்கடா. கையைப் புடிச்சிக்கிட்டுக் கேக்கறவங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது?"

கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனார்கள். பெய்வெனின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுக்காமலே அணைத்தார். தாங் பக்கம் திரும்பி, "மன்னிச்சிடுங்க அக்கா. திரும்ப வருவீங்களா?" என்றார்.

"வர்றேன்" என்றாள் தாங், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஆனா பதினொரு மணிக்குப் போக மாட்டேன். மத்தியானச் சாப்பாடு இங்கதான். எங்க வீட்லயும் நான் மட்டுந்தான், சுவத்தைப் பாத்துத் திங்கறேன்."

"நல்லா உப்புப் போடுவியே, டாக்டர் திட்டுவாரு" என்றார் ஷென் யாச்சிங்.

"குறைச்சுப் போடறேன், போதுமா? வாய் மட்டும் சின்னப் பொண்ணு கணக்கா!"

மருத்துவமனைக்கு எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு வெய் படியிறங்கினார். ஃபான் அறிக்கைத்தாளை நெஞ்சோடு அணைத்து, நனையாமல் குடையைப் பிடித்தபடி பின்னால் வந்தார். நுழைவாயிலில் நின்று பேனாவைத் திறந்தார்.

"அக்கா, காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல மருந்து அளவு மிஞ்சினதுன்னு போட்டுட்டேன். குற்றவாளின்னு இன்னொரு கட்டம் இருக்கே?"

"யாருமில்லைன்னு எழுதுங்க."

ஃபான் எழுதினார். எழுதிய பிறகும் பேனாவை மூடாமல், அந்தச் சொல்லையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.