பவானிக்குப் பதிலாக

குதிரை அம்சாவின் நெற்றியில் பூசிய வெள்ளை போகவில்லை. செங்கல்வராயன் சீயக்காய் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டான். பட்டைபோல் இழுத்திருந்த அந்தக் கோடு அப்படியே இருந்தது. முந்தின நாள் சினிமா கம்பெனி மேக்கப்காரர் எண்ணெயில் குழைத்துப் பூசிய வெறும் முத்துவெள்ளைப் பொடிதான் அது. நகத்தால் கீறினால் தூள் ஒட்டவில்லை. முடியே அடிவரை வெளுத்திருந்தது.

செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனைத் தேடி அவர்கள் வந்ததே அம்சாவின் நிறத்துக்காகத்தான். அவர்களுடைய குதிரை பவானியும் இதே செம்பழுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. கடப்பாக்கத்தை ஒட்டிக் கடலோரம் இருந்த இடிந்த கோட்டையில் படப்பிடிப்பு. பவானியின் முன்னங்கால்களில் கம்பி கட்டி, மறுமுனையைத் தரையில் அறைந்த முளையில் மாட்டி, பாய்ச்சலில் ஓடவிட்டார்கள். கம்பி தீர்ந்ததும் கால்கள் பின்னால் இழுபட்டு, குதிரை தலைகுப்புற விழும். பார்ப்பவருக்கு அம்பு பட்டு விழுந்ததுபோல் இருக்கும். பவானி கழுத்து ஒடிந்து செத்தது. அந்த நேரம் பார்த்து கேமரா சிக்கிக்கொண்டதுதான் அவர்களுக்குப் பெரிய துக்கம்.

"கம்பியே கெடையாது, அண்ணாத்த. ஒன் குதிர ஓட்னா போதும். வுயுறத பொம்ம வச்சி எட்த்துக்குறோம்" என்று ஸ்டண்ட் மாஸ்டர் தாமோதரன் சத்தியம் செய்திருந்தார்.

சினிமாக்காரன் சத்தியத்தை நம்பிக் குதிரையை ஓடவிடச் செங்கல்வராயன் பைத்தியக்காரன் இல்லை. அம்சா போனால் அவனுக்குப் பிழைப்பு மட்டுமா போகும்? பொண்டாட்டி செத்த வீட்டில் அவனோடு மூச்சுவிடும் இன்னொரு உயிர் அதுதான். ஓடும் பாதை முழுக்கத் தவழ்ந்து, கையால் துழாவி, முளை இருக்கிறதா என்று பார்த்தான். தப்பித்தவறி இடறினாலும் அடிபடாமல் இருக்க, பாதையின் கடைசியில் பள்ளம் தோண்டி வைக்கோல் நிரப்பி, கிளிஞ்சல்களைப் பொறுக்கி எறிந்த மணலை மேலே பரப்பினான்.

மீன் கூடையோடு அந்தப் பக்கமாக வந்த மீன்காரி சொர்ணம் நின்றாள்.

"இன்னாய்யா, செத்துப்பூட்சின்னாங்க. நின்னுகினு கீது?"

"இது வேற குதிரம்மா. என்து."

அவள் அம்சாவையே பார்த்தாள். பிறகு ஈரக்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

மத்தியானம் ஏறியது. கொளுத்தும் வெயிலில் எடுத்து, கேமராவில் நீலக் கண்ணாடி மாட்டி இரவாக்கிவிடுவார்களாம். வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகள் கண்ணைக் கூசவைத்தன. சவுக்குத் தோப்பில் காற்று ஓயாமல் இரைந்தது. கருவாட்டு வாடைக்கு அடியில் வேறொரு வாடை, தோப்புக்குள் பவானியை அவசரமாகப் புதைத்ததின் வாடை, காற்று திரும்பும்போதெல்லாம் வந்து போனது. அவன் அம்சாவின் முகத்தோடு முகம் வைத்தான். அதன் மூச்சு சில்லென்று இருந்தது. தோண்டிய ஈரமணல்போல் நாறியது.

"பவானியக் கொண்டாங்கப்பா!" என்று தாமோதரன் பழக்கத்தில் கத்தினார். அம்சாவின் காதுகள் நிமிர்ந்தன.

"அம்சா" என்றான் அவன். காது அசையவில்லை. "அம்சா, கண்ணு." அது திரும்பவே இல்லை.

அவன் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். "மாஸ்டர், இன்னிக்கி வோணாம். அதுக்கு ஒடம்பு செரியில்ல."

"வெய்யில் பூடும்பா. நவுரு."

நாலு கால்களையும் தடவிப் பார்த்தான். கம்பி இல்லை. ஸ்டண்ட் சண்டைக்காரன் ஒருவன் ஏறி உட்கார்ந்தான். டைரக்டர் குரல் கொடுத்தார்.

அம்சா பாய்ந்தது. ஜட்கா இழுத்த குதிரை ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. பள்ளத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே, பவானி விழுந்த அதே செங்கல் மேட்டில், அதன் முன்னங்கால்கள் இரண்டும் ஒருசேரப் பின்னால் இழுபட்டன. விழுந்தது. சண்டைக்காரன் உருண்டு எழுந்து நொண்டிக்கொண்டு ஒதுங்கினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

செங்கல்வராயன் ஓடினான். அம்சா எழுந்துவிட்டது. அப்பாடா, உயிர் இருக்கிறது!

ஆனால் அது அவனிடம் வரவில்லை. அவனைக் கடந்து, தானாகவே, புறப்பட்ட இடத்துக்கு நடந்தது. திரும்பி நின்றது. ஓடியது.

அதே இடம். அதே விழுகை.

எழுந்தது. நடந்தது. திரும்பியது.

"கேமராவை நிறுத்தாதே. ஓடட்டும்" என்றார் டைரக்டர், கேமராமேனிடம்.

அவன் குறுக்கே பாய்ந்தான். லைட் ஆட்கள் இருவர் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "கேமரா ஃபீல்டுக்குள்ள போவாத, அண்ணாத்த."

மூன்றாம் முறை எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கைதட்டல் நின்றது. கேமரா நிற்கவில்லை. அம்சா முழங்காலால் ஊன்றி ஊன்றி நகர்ந்தது. மண்ணில் ரத்தம். தொங்கும் குளம்பு. மறுபடி புறப்பட்ட இடம். மறுபடி திரும்பியது.

"சார், ரீல் தீந்துட்ச்சி" என்றான் உதவியாள்.

"மாத்து. சீக்கிரம்."

செங்கல்வராயன் கத்தினான். பேர் சொல்லிக் கத்தினான். தொண்டை கிழிந்தது. அம்சா அவனைப் பார்க்கவில்லை. முறிந்த கால்களில் ஆடாமல் நின்று, கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. காத்திருந்தது.

புது ரீல் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

அம்சா கிளம்பியது.