தோர்ன்மியர் பிரபுவின் வாரிசுகள்

நோட்டீஸ் நகலின் அடியில், பெற்றுக்கொண்டவர் ஒப்பமிடும் இடத்தில் ஒரு கைநாட்டு இருந்தது. உளுந்து அளவுதான் இருக்கும்.

நிலமெடுப்பு அலுவலகத்தில் லீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரகடம் பக்கம் தொழிற்பேட்டைக்காக எடுக்கும் நிலத்தில் நாற்பது ஏக்கர் தோர்ன்மியர் பிரபு என்ற வெள்ளைக்காரரின் பெயரில் கிடந்தது. அந்த ஒரு கோப்போடு எட்டு மாதமாக மல்லுக்கட்டுகிறாள். லண்டனுக்கு எழுதிப் பதிலும் வாங்கிவிட்டாள். நான்காவது பிரபு 1922இல் இறந்தார். பட்டம் ஆண் பிள்ளைக்கு மட்டுமே உரியது. பிள்ளை இல்லாததால் அவரோடு அற்றுப்போனது. அப்படியும் மேலிடம் கோப்பைத் திருப்பியனுப்பியது. பட்டம் போனால் நிலத்துக்கும் வாரிசு இல்லையென்று ஆகிவிடுமா? நேரில் போய் வாரிசுகளைக் கூப்பிடு, யாரும் வரவில்லை என்று எழுது என்றது.

போன மாதம் வடக்குப்பட்டு கிராமத்தைத் தாண்டி, பிரபுவின் இடிந்த பங்களா வாசலில் நோட்டீஸை ஒட்டி, மூன்று முறை உரக்கப் படித்துவிட்டு வந்தாள். இன்று மாலை ஐந்தரையோடு கெடு முடிகிறது. இப்போது போய் இது.

"யார் வெச்சது இத? விளையாட்டா இருக்கா?" என்று தலையாரி தாண்டவராயனிடம் எரிந்து விழுந்தாள்.

"நான் இன்னாத்துக்கும்மா வெக்கப்போறேன்?" அவர் நகலை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "பங்களா பின்னால ஏழு சமாதி கீது. சின்னச் சின்னதா. தொரசானிக்கு ஏழும் ஆம்பளப் புள்ளைங்களாம். ஒண்ணுகூட ஒரு நாளு தங்கல."

"அதுக்கு?"

"வாரிசு இருந்தா வாங்கன்னு மூணு தபா கூப்ட்டீங்களேம்மா."

நகலை மேசையில் வைத்துவிட்டு, மழைக்கு முன் போகவேண்டும் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் ஏற்கெனவே பஸ்ஸுக்கு ஓடியிருந்தார்கள்.

மழை பிடித்தது. மின்சாரம் போய், விசிறி மெல்ல மெல்லச் சுற்றி நின்று, பெங்களூர் ரோட்டில் போகும் லாரிகளின் இரைச்சலும் மழைக்குள் அமுங்கிப்போனபோது, ஈரமண் வாசனையோடு புளித்த பாலின் வாடை தாழ்வாரத்திலிருந்து மெதுவாக உள்ளே வந்தது. கூடவே ஓர் ஓசை. நனைந்த துணியைத் தரையில் இழுப்பதுபோல. கொஞ்சம் இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. ஒன்றல்ல. பல.

தவளையாக இருக்கும். நாயாக இருக்கும். எதுவானாலும் இந்தக் கோப்பை இன்று முடிக்காமல் விடுவதில்லை.

ஐந்து இருபத்தெட்டு.

ஓசை கதவைத் தாண்டியது. அவள் நிமிரவில்லை. இடது கையைத் தொங்கவிட்டபடி, வலது கையால் எழுதினாள். 'வாரிசுகள் எவரும்...'

மேசைக்கு அடியில் ஓசை நின்றது.

அவளுடைய சுண்டுவிரலைச் சில்லென்று ஏதோ சுற்றி வளைத்தது. பிறந்த குழந்தை பிடிப்பதுபோல. மெத்தென்று. இறுக்கமாக.

பிறகு மோதிர விரலை. நடுவிரலை.

புடவைக் கொசுவத்தைப் பிடித்து ஒன்று மடிக்கு ஏறத் தொடங்கியது.