யாரும் படிக்காத கடைசிப் பத்தி

வந்தவருக்கு உட்காரத் தோன்றவில்லை. நாளிதழை மேசைமேல் விரித்துவிட்டு, "இதை நான் எழுதலைங்க. ஆனா என் மேசையிலேர்ந்துதான் போயிருக்கு" என்றார்.

அவர் உயர்கல்விச் சங்கத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி. அறுபத்து மூன்று கல்லூரிகள் சேர்ந்த சங்கம் அது. அதன் பெயரில் வெளியே போகும் ஒவ்வொரு சொல்லும் பத்தொன்பது வருடங்களாக அவர் கையைத் தாண்டித்தான் போகும். அன்று காலை எட்டரை மணிக்கு அந்தக் கை நாளிதழின் தலைப்பைச் சுட்டிக்காட்டியது.

கேட்டுக்கொண்டிருந்தவரை ஊரே அண்ணி என்று கூப்பிடும். முன்பு தேர்வுக்கூடங்களில் பறக்கும் படை அதிகாரி. காலருக்குள் ஒளித்த துண்டுச்சீட்டை வாசலில் நின்றபடியே கண்டுபிடித்தவர். ஓய்வு பெற்றபின் துப்பறிகிறார். கூடவே சுற்றும் நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அந்தப் பெயர் ஊருக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. நாத்தனாருக்கு எந்த வழக்கிலும் ஐந்தே நிமிடத்தில் குற்றவாளி கிடைத்துவிடுவார். பெரும்பாலும் தப்பான ஆள்.

"பதறாம முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் அண்ணி.

சங்கத்திலிருந்த ஒரு கல்லூரியை மூன்று வாரத்துக்கு முன்பு, படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, இழுத்து மூடிவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நேற்று மாலை சங்கம் வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை விட்டது. வெறும் வருத்தம்தான். காலையில் பார்த்தால் எல்லா நாளிதழிலும், 'மூடிய கல்லூரியின் 411 மாணவர்களை மற்ற கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளும்: சங்கம் உறுதி' என்று கொட்டை எழுத்தில் வந்திருந்தது.

"அப்படி ஒரு உறுதியை யாருமே குடுக்கலை. நாலு மணிக்குத் தலைவர் வர்றார். மறுப்பு அறிக்கை தயாரா இருக்கணும், செஞ்சது யாருன்னும் சொல்லணும், இல்லைன்னா நான் ராஜினாமா. என் வேலை போனாப் போகட்டும். விடிஞ்சதுலேர்ந்து பிள்ளைங்க போன் பண்ணி அழுதுக்கிட்டே நன்றி சொல்றாங்க. அவங்ககிட்ட போய் 'இல்லை'ன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

"அறிக்கை போகறதுக்கு முன்னாடி சரிபார்க்கலையா?"

"சத்தமா வாசிச்சுத்தான் சரிபார்ப்போம். ரிசப்ஷன்ல இருக்கிற ஹலோ அக்கா வாசிப்பாங்க, குரல் கணீர்னு இருக்கும். நான் பிரதியில விரலை ஓட்டிக்கிட்டே வருவேன். துணை அதிகாரி பக்கத்துல இருப்பார். முடிஞ்சதும் அவர் அனுப்புவார்."

"புது வாக்கியம் எங்க இருந்துச்சு?"

"கடைசிப் பத்தியில. 'சங்கத்தைப் பற்றி'ன்னு ஒண்ணு எல்லா அறிக்கைக்கும் வாலா ஒட்டிக்கிட்டு வரும். எப்ப ஆரம்பிச்சது, எத்தனை கல்லூரி, போன் நம்பர். அது வந்தாலே 'பிறகு வழக்கமான பத்தி'ன்னு சொல்லி நிறுத்திடுவோம். வருஷக்கணக்கா அதை யாரும் வாசிச்சதே இல்லை." சொல்லும்போதே அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"துணை அதிகாரிதான்! இவங்க நாற்காலிமேல கண்ணு!" என்றார் நாத்தனார். மணி எட்டு முப்பத்தைந்து.

சங்க அலுவலகத்தில் துணை அதிகாரியின் மேசை கண்ணாடிபோலத் துடைத்து வைத்திருந்தது. உறுப்பினர் கல்லூரிகளின் தொலைபேசிப் புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. மேசை மூலையில், வரும் காகிதங்களைப் போட்டு வைக்கும் ஒரு தட்டு. அதன் அடியில் பென்சிலால் எழுதிய சீட்டுகள் நாலைந்து எட்டிப்பார்த்தன.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டார் அண்ணி.

"யாராவது ஏதாவது எழுதி வெப்பாங்க. பார்க்கலாம்னு வெச்சிருக்கேன்" என்றார் அவர். "எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க. எழுதினவங்களுக்கு எண்ணிக்கைகூடத் தெரியலை, பாருங்க. 412 மாணவர்கள்னு எல்லாக் கோப்பிலயும் இருக்கு."

அண்ணி தலையாட்டிக்கொண்டார்.

ரிசப்ஷனில் ஹலோ அக்கா ஒரு காதில் தொலைபேசியும் கையில் பென்சிலுமாக இருந்தார். அந்தக் காது சிவந்து தடித்திருந்தது. அவர் முன்னால் இருந்ததும் அதே தொலைபேசிப் புத்தகம்தான்; புரட்டிப் புரட்டி இரண்டு மடங்கு உப்பியிருந்தது. அண்ணி சும்மா புரட்டினார். ஒவ்வொரு கல்லூரியின் பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலில் ஓர் எண். 6, 11, 3, 9. இரண்டே பக்கங்களில்தான் எண் இல்லை: மூடிய கல்லூரி, பிறகு சங்கத் தலைவர் முதல்வராக இருக்கும் கல்லூரி.

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று பேச்சுக் கொடுத்தார் அண்ணி.

"நானும் பொண்ணும்தாங்க. மூணாவது வருஷம் படிச்சுக்கிட்டிருந்தா. இப்ப வீட்டுலதான் இருக்கா" என்றார் ஹலோ அக்கா. அடுத்த மணி அடித்தது. "ஹலோ, வணக்கம்!"

நாலு மணிக்குக் கூட்ட அறையில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். உட்கார முடியாத கோபம் அவருக்கு. எதிரே தொடர்பு அதிகாரி, துணை அதிகாரி, ஹலோ அக்கா. மறுப்பு அறிக்கை மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"கடைசிப் பத்தியை யாரும் வாசிக்க மாட்டாங்கன்னு இங்க மூணு பேருக்குத்தான் தெரியும்" என்று ஆரம்பித்தார் அண்ணி. "அதுல ஒருத்தர்தான் எழுதியிருக்கணும். பொய்யா எழுதறவங்க கோப்பைப் பார்த்து 412-ன்னு போட்டுட்டுப் போயிருப்பாங்க. 411-ன்னு எழுதினவங்க தப்பா எழுதலை. எண்ணிப் பார்த்து எழுதியிருக்காங்க." தொலைபேசிப் புத்தகத்தை நாத்தனாரிடம் நீட்டினார். "நீ கூட்டு."

நாத்தனார் விரல் மடக்கிக் கூட்டினார். பக்கம் பக்கமாக, அறுபத்தோரு கல்லூரிகள். முதலில் வாய்விட்டுத்தான் கூட்டினார். போகப்போகக் குரல் இறங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்து, "நானூத்திப் பதினொண்ணு அண்ணி" என்றார். "அடேயப்பா! இத்தனையும் ஒருத்தரா?"

ஹலோ அக்கா எழுந்து நின்றார். "நான்தாங்க எழுதினேன். போன் நம்பர் மாத்தச் சொல்லி அந்தப் பத்தியை என்கிட்டதான் குடுத்திருந்தாங்க."

"யாரைக் கேட்டும்மா எழுதினே?" தலைவர் குரல் உயர்ந்தது.

"ஒவ்வொரு கல்லூரியையும் கேட்டுத்தாங்க ஐயா. மூணு வாரமா, அழைப்பு இல்லாத நேரமா பார்த்துக் கேட்டேன். எந்தப் பிள்ளை, என்ன பாடம், எந்த வருஷம், எந்த ஊர்லேர்ந்து பஸ் இருக்கு, எல்லாம் சொன்னேன். எல்லாரும் இடம் இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனா அத்தனை பேரும் ஒரே வார்த்தை: 'சங்கம் வாயைத் திறந்து சொல்லட்டும், சேர்த்துக்கறோம்.' இங்க கேட்டா, 'கல்லூரிங்க முதல்ல சொல்லட்டும்'னாங்க. நாலு தடவை சார் தட்டுல எழுதி வெச்சேன்."

'பார்க்கலாம்னு வெச்சிருக்கேன்' என்று காலையில் சொன்னது துணை அதிகாரிக்கு நினைவுக்கு வந்தது.

"யாராவது ஒருத்தர் முதல்ல சொல்லணுமேன்னு சங்கத்தைச் சொல்ல வெச்சுட்டேன். தப்புதாங்க. மேடம் வேலைக்கு ஆபத்து வரும்னு சத்தியமா நினைக்கலை. என்னை அனுப்பிடுங்க. மறுப்பு மட்டும் விட்டுடாதீங்க."

ஹலோ அக்காவின் மேசை இழுப்பறையில் இருந்த மாணவர் பட்டியலை அண்ணி வாங்கி விரித்தார். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் புதுக் கல்லூரியின் பெயர், பேருந்து எண், சிலவற்றில் 'கண் பார்வை குறைவு, முன் வரிசை' என்றுகூட. தொடர்பு அதிகாரி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்தொன்பது வருடத்தில் சங்கம் எத்தனையோ பெரிய வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறது. இப்படி முன்கூட்டியே நிறைவேற்றி வைத்துவிட்டு ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை.

"ஒரே ஒரு பேருக்கு நேரா ஒண்ணுமே எழுதலை" என்றார் அண்ணி. "பெற்றோர் தொலைபேசின்னு இந்த ஆபீஸ் ரிசப்ஷன் நம்பர் இருக்கு. உங்க பொண்ணுதானேம்மா?"

ஹலோ அக்கா தலைகுனிந்தார். "அவளுக்கும் கேட்டா மத்த 411-ம் சிபாரிசுன்னு ஆயிடும்ங்க. ஐயா கல்லூரியைக் கேக்காததும் அதுக்குத்தான். சொந்த ஆபீஸ்ல கேக்கக் கூடாது."

எத்தனையோ தில்லுமுல்லுகளைப் பிடித்த அண்ணி, ஒருவர் தன் பிள்ளையை ஒளித்து வைத்ததை அன்றுதான் பிடித்தார். தலைவர் மெல்ல நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"என் கல்லூரியில மூணாவது வருஷத்துல இடம் இருக்கு" என்றார். "இது சிபாரிசு இல்லைம்மா. நீ என்னைக் கேக்கலை, நான்தான் கேக்கறேன். அனுப்பி வை."

தொடர்பு அதிகாரி மறுப்பு அறிக்கையை எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி, வழக்கம்போல ஹலோ அக்காவிடம் நீட்டினார். "வாசிங்கக்கா. இனிமே கடைசிப் பத்தி வரைக்கும்."

ஹலோ அக்கா கணீரென்றுதான் ஆரம்பித்தார். "திருத்தம். நேற்றைய அறிக்கையில் மாணவர் எண்ணிக்கை தவறாக இடம்பெற்றுவிட்டது. நானூற்றுப் பதினொன்று என்பதை…"

அதற்குமேல் அவரால் முடியவில்லை. மீதியை நாத்தனார் வாங்கி வாசித்தார்.