வலமிருந்து இடம்

பெட்டி மூடியைச் சுற்றி ஓடிய வெல்டிங் கோடு வலமிருந்து இடமாகப் போயிருந்தது. வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. இருபத்திரண்டு வருடமாக இரும்பு கேட்டும் கிரில்லும் பற்றவைத்தே சோறு தின்றவன், அதிலும் இடது கைக்காரன் என்பதால் அவன் கண்ணில் பட்டது. கோடு முடிகிற இடத்தில் குழி விழாமல் இருக்க ஒரு பொட்டு வைத்து நிறுத்துவது அவன் பழக்கம். இங்கேயும் ஒரு பொட்டு இருந்தது. அதன்மேல் நான்கு பூச்சு பெயிண்ட். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பச்சையை அவன் பிறப்பதற்கு முன்பே தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

உலகத்தில் இன்னொரு நொட்டாங்கையன் இருந்திருக்கிறான், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான்.

வண்டி ஒரு பழைய பிக்கப். விரலால் அழுத்தினால் கதவில் ஓட்டை விழும், அப்படியொரு துரு. கேபினுக்குப் பின்னால், சாமான் ஏற்றும் தொட்டியின் குறுக்கே, சவப்பெட்டி அகலத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. அந்தக் காலத்தில் சுத்தியல், ஸ்பானர் போட்டு வைக்கிற பெட்டி. வண்டியை விற்ற பழைய இரும்புக் கடைக்காரர் காலையிலிருந்து பேரத்தில் ஒரு படி இறங்கவில்லை. கடைசியில் காகிதத்தில் அவன் இடது கையால் கையெழுத்துப் போட்டதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். "இடது கையா," என்றார். அவன் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு, வண்டி தெருமுனை திரும்பும் வரை அதைப் பார்த்தபடியே நின்றார்.

"ஏற்கெனவே வீட்ல ஒரு துருப்பிடிச்ச ஆள் இருக்கறது போதாதா?" என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆனால் மகள் வாண்டு குதித்தாள். ஒன்பது வருடம் கோயில் குளம் டாக்டர் என்று அலைந்து, இனி இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்தவள். இப்போது ஆறு வயது. பிறந்தநாளன்று பள்ளிக்கூட வாசலில் இந்த வண்டியில்தான் போய் இறங்குவேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். அவள் கேட்டால் அவன் வானத்துக்கே ஏணி பற்றவைப்பான்.

பெட்டியைத்தான் முதலில் வெட்டினான். கிரைண்டர் பொறி பறக்கக் கோட்டைத் தின்றபோது, இன்னொருவன் வேலையைக் கெடுக்கும்போது வராத ஒரு வருத்தம் வந்தது. மூடியைத் தூக்கினான். உள்ளே ஒன்றும் இல்லை. துருவும் இல்லை. வண்டி முழுக்க உளுத்துக் கிடக்க, பெட்டியின் உள்பக்கம் மட்டும் விளக்கி வைத்த பாத்திரமாக இருந்தது. ஒரு மூலை மற்ற இடங்களைவிடத் தேய்ந்து பளபளத்தது, குழந்தை உட்கார்ந்தால் நெற்றி படுகிற உயரத்தில். தலைக்குக் குளித்துத் துவட்டாத முடியின் ஈர வாசனை ஒன்று மெல்ல எழுந்து, வீட்டை ஒட்டிய ஷெட்டின் எண்ணெய் நெடிக்குள் போய்க் கலந்தது.

அன்று சாயங்காலம் தொட்டியில் படிந்திருந்த துருத்தூளின்மேல் சின்னச் சின்ன வெறுங்கால் தடங்கள் தெரிந்தன. பெட்டியிலிருந்து இறங்கி, தொட்டியின் பின்விளிம்பு வரை. ஏறிப்போன தடம் ஒன்றுகூட இல்லை.

"வண்டில ஏறக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் ஏறவே இல்லப்பா," என்றாள் வாண்டு. பொய் சொல்கிறாள் என்று நினைத்தான்.

அவள் மீறாத சொல் ஒன்று உண்டு. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல விடிய விடிய உறுத்தும் என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே சொல்லி வளர்த்திருந்தான். அவன் வெல்டிங் ராடை எடுத்ததும் அவள் ஓடிப்போய் சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, காதைப் பொத்தி, உரக்க எண்ணத் தொடங்குவாள். சத்தம் நின்றதும் கேட்பாள்: "திரும்பலாமாப்பா?" அவன் "திரும்பு" என்று சொல்லும் வரை திரும்ப மாட்டாள். ஒருமுறை மறதியில் அவன் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டான். வந்து பார்த்தபோது அவள் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவளைக் கட்டிக்கொண்டு அவன்தான் அழுதான்.

புதன்கிழமை காலை பதினொரு மணி. வாண்டு பள்ளிக்கூடத்தில். அவன் முன் பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா."

பெட்டிக்குள்ளிருந்து. அவள் குரல், அந்தச் செல்ல இழுப்பு மாறாமல். பதறி ஓடி மூடியைத் தூக்கினான். காலி. ஈர முடி வாசனை மட்டும்.

வெள்ளிக்கிழமை மறுபடியும். "அப்பா, மூச்சு முட்டுது." அவசரத்தில் மூடியின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. காலி. பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டுக் கேட்டான். வாண்டு ஓவிய வகுப்பில் யானைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள்.

மனைவி அவன் கைக்குக் கட்டுப் போட்டபடியே நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "புகைய குடிச்சுக் குடிச்சு மூளை கருகிப்போச்சு. ஒரு வாரம் ராடைத் தொடாதீங்க."

"அந்தப் பெட்டிய மட்டும் மூடிட்டு நிறுத்திடறேன்," என்றான். எப்படி இருந்ததோ அப்படியே பற்றவைத்துவிட்டால் தீர்ந்தது. முடிவெடுத்த பிறகு நெஞ்சு லேசானது. அன்று நன்றாகத் தூங்கினான்.

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மனைவி டியூட்டியில். வாண்டு வீட்டுக்குள் படம் வரைந்துகொண்டிருந்தாள். மூடியைத் திறந்து வைத்து விளிம்பிலிருந்த பெயிண்டைச் சுரண்டி முடித்தான். ராடு மழைக்கு நமத்திருந்தது. சமையலறைக்குப் போய் அடுப்பில் ஒவ்வொன்றாகச் சூடு காட்டி எடுத்தான், ஒரு பத்து நிமிடம். கூடத்தில் கலர் பென்சில்கள் சிதறிக் கிடந்தன. ஆள் இல்லை. பாத்ரூமில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினான்.

மூடி மூடியிருந்தது.

தகரக் கூரையில் மழை கொட்டியது. அதையும் மீறி, உள்ளிருந்து ஒரு சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"அப்பா, கண்டுபிடிங்க பாப்போம்."

அவன் கை மூடியின்மேல் போனது.

"அப்பா."

பின்னாலிருந்து. ஷெட் வாசலில் வாண்டு நின்றாள். நீல கவுன். முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. "நான் இங்க இருக்கேன்ல," என்றாள். "அது யாருப்பா?"

பாய்ந்து போய் அவளை வாரி அணைத்துக்கொண்டான். உடம்பு சில்லென்று இருந்தது. முடியில் ஈர வாசனை. மழையில் நனைந்திருக்கிறாள். நல்ல வேளை. நல்ல வேளை, திறக்கவில்லை.

பெட்டிக்குள் சிரிப்பு நின்றது. "அப்பா? யார்கூட பேசறீங்க?"

பிறகு தட்டல். சின்னக் கை.

"சீக்கிரம்பா," என்றாள் பக்கத்தில் நின்றவள். ராடை எடுத்து நீட்டினாள்.

மூடியின்மேல் முழங்காலை ஊன்றினான். வலது கையில் கறுப்புக் கண்ணாடி. இடது கையில் ராடு. பழக்க தோஷத்தில் வாய் சொன்னது: "திரும்பிக்கோ கண்ணு."

பொறி பிடித்தது. கண்ணாடிக்குள் உலகம் இருண்டு, ஒரு வெளிச்சப் புள்ளி மட்டும் மிஞ்சியது. எண்ணும் குரல் கேட்டது. "ஒண்ணு. ரெண்டு. மூணு." அப்பாடா என்றிருந்தது. சொன்ன சொல் மீறாத பிள்ளை. மழைச் சத்தத்தில், பொறிச் சத்தத்தில், அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டே கையை நகர்த்தினான். தட்டல் நின்றுவிட்டது. முதல் பக்கம். இருபது. ராடு மாற்றினான். இரண்டாவது பக்கம். ஐம்பது. மூன்றாவது. எண்பத்தொன்பது.

வலமிருந்து இடம்.

நான்காவது.

முடியும் இடத்தில் ஒரு பொட்டு.

கண்ணாடியை இறக்கினான்.

அவள் சுவர்ப் பக்கம் போகவே இல்லை. அவன் முழங்கைக்கு அருகில் நின்றாள். இத்தனை நேரமும் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கண் அகலத் திறந்திருந்தது. இமைக்கவில்லை. ஒரு சொட்டு நீர் இல்லை.

"நூத்தி முப்பத்தொண்ணு," என்றது குரல். "நூத்தி முப்பத்திரண்டு."

அவள் வாய் மூடியிருந்தது.

கோட்டைப் பார்த்தான். ஒரு நொடி முன்புதான் சிவந்து கனன்றது. தொட்டான். சில்லென்று இருந்தது. அதன்மேல் பெயிண்ட். நகத்தால் கீறினான். ஒரு பூச்சு. அதற்குக் கீழே இன்னொன்று. இன்னொன்று.

கடைசியில் பச்சை.

சுத்தியலை எடுத்து இரண்டு கையாலும் அடித்தான். மூடி நசுங்கக்கூட இல்லை. பெட்டி இரண்டடி ஆழம்தான். அவன்தான் அளந்தான். குரல் அதற்கும் கீழே, வெகு கீழேயிருந்து வந்தது, இரும்பில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பேசுகிற குரல்.

"சத்தம் நின்னுடுச்சு. திரும்பலாமாப்பா?"

வாயைத் திறந்தான். திரும்பு என்ற அந்த ஒரு சொல் வரவில்லை.

பக்கத்தில் நின்றவள் குனிந்து, மூடியின்மேல் உதட்டை வைத்து, அவன் குரலில் சொன்னாள்.

"இன்னும் இல்ல கண்ணு."

உள்ளே நெற்றி மறுபடியும் இரும்பில் படுகிற மெல்லிய சத்தம்.

"ஒண்ணு," என்றாள் அவன் மகள். "ரெண்டு. மூணு."