கைக்கெட்டும் இடத்தில் சின்னம்மா

காலையில் கணினியைப் போட்டு, ‘ஃபைல்’ என்ற சொல்லை அழுத்தியதும் திரையில் இறங்கிய பட்டையின் அடியில், அண்மையில் திறந்த கோப்புகளின் வரிசையில், சிவகாமி எதிர்பார்த்த பெயர் மேலே இல்லை. கடைசியாகத் திறந்த கோப்புதான் அங்கே முதலில் நிற்க வேண்டும். முந்தின நாள் மாலை அவள் கடைசியாக அடித்தது லிண்ட்சே என்ற மீனவரின் மரண அறிவிப்பு. ஆனால் லிண்ட்சே இரண்டாவதாக இறங்கியிருந்தார். அவருக்கு மேலே சின்னம்மா நின்றாள்.

தீவின் போ பசான் ஊரில், முதலாளி மெஸ்யே தெனி நடத்திய சவ அடக்க நிலையத்தில் சிவகாமிக்கு இதுதான் வேலை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பிரெஞ்சில் அறிவிப்பு அடித்து, மதியத்துக்குள் வானொலிக்கு ஃபாக்ஸ் அனுப்பிவிட வேண்டும். மதியம் வானொலியில் நடக்கும் அந்த வாசிப்புக்குத் தீவே காது கொடுக்கும். துணி ஆலைகளில்கூடத் தறிச்சத்தத்துக்கு நடுவே யாராவது ஒரு ரேடியோவைக் காதில் வைத்திருப்பார்கள். பெயரைக் கேட்டவர்கள் நேரே சாவு வீட்டுக்குப் புறப்படுவார்கள்.

கணினி வந்த புதிதில் அவள் அடித்த முதல் தமிழ் வீட்டு அறிவிப்பு சின்னம்மா என்பவளுடையது. ஸ்வெட்டர் ஆலையில் வேலை பார்த்த விதவை அவள். ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அறிவிப்பு அழகாக அமைந்துவிட்டது. அடுத்த தமிழ் வீட்டுச் சாவுக்கு அதையே திறந்து, பெயரையும் வயதையும் பிள்ளைகளையும் மாற்றி வேறு பெயரில் சேமித்தாள். அதற்கடுத்த சாவுக்கும் அப்படியே.

“எப்பவும் வேணுங்கிறதை எதுக்கு உள்ளே போய்த் தேடறே?” என்று தெனிதான் சொல்லிக் கொடுத்தார். “கைக்கெட்டுற இடத்தில வச்சுக்கோ.”

பட்டையின் அடியில் பெயர் நிற்கும்வரை ஒரே அழுத்தல் போதும். மற்றக் கோப்புகள் வந்து அதைக் கீழே தள்ளும்போதெல்லாம், சிவகாமி சும்மாவேனும் சின்னம்மாவை ஒருமுறை திறந்து மூடுவாள். பெயர் மறுபடி மேலே ஏறிவிடும். நேற்றும் அப்படித்தான் செய்திருப்பேன், மறந்திருப்பேன் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டாள்.

அன்று முற்பகலில் சின்னம்மாவின் மகன் விநாயகம் வந்தான். பஸ் ஓட்டுநர் சட்டையோடு வந்தவன் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவனிடமிருந்து புகையும் நெய்யும் கலந்த வாசனை வந்தது.

“மதாம், முந்தாநாள் ரேடியோவில எங்கம்மா பேரை வாசிச்சாங்க.” தீவின் கிரியோல் மொழியில், குரலை உயர்த்தாமல் சொன்னான். “செத்துட்டாங்கன்னு. மறுபடியும்.”

சிவகாமிக்கு முகம் சூடேறியது. பழைய மாதிரியில் பெயரை மாற்ற மறந்திருப்போம் என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முந்தாநாள் அனுப்பிய ஃபாக்ஸ் நகலை எடுத்துப் பார்த்தாள். ரோஷ் புவாவைச் சேர்ந்த பழனியாண்டி என்றுதான் இருந்தது. ஓர் எழுத்துப் பிழையில்லை.

“துக்கம் கேட்க ஆளுங்க வந்துட்டாங்களா?”

“ஆலை வேனே வந்திச்சு. டீ குடுத்து அனுப்பிட்டோம்.” அவன் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தான். “எங்கம்மாவை எங்கே வச்சிருக்கீங்க, மதாம்?”

அவள் திரையைக் காட்டினாள்.

“அடிக்கடி கூப்பிடுறீங்களா?”

“கூப்பிடறதா? திறப்பேன். மாதிரிக்காக.”

“இனிமே வேணாம்.” அவன் போய்விட்டான். வாசனை போகவில்லை.

சிவகாமி உடனே அந்தக் கோப்பை அழித்தாள். பட்டையைத் திறந்தால் பெயர் மட்டும் அங்கேயே இருந்தது. கோப்பை அழித்தாலும் பெயர் கொஞ்ச காலம் அங்கே தங்கும், அழுத்தினால் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த ‘இல்லை’யைக் கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதி. அழுத்தினாள்.

கணினிப் பெட்டிக்குள் தகடு சுழன்றது. வழக்கத்தைவிட நீளமாக, அடித்தொண்டையில் யாரோ கனைப்பதுபோல் அரைத்தது. பிறகு கோப்பு திறந்தது. எல்லா வரிகளும் அப்படியே இருந்தன. ஈமச்சடங்கு நாள் மட்டும் வேறாக இருந்தது. அவள் அடிக்காத நாள். இன்றைய நாள்.

கணினியை அணைத்துவிட்டுப் பழைய தட்டச்சு இயந்திரத்தின் உறையை உருவினாள். காலையில் வந்திருந்த ஒரே தமிழ் வீட்டுச் சாவு கோபாலசாமி என்பவருடையது. வெற்றுத்தாளில், ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். தெனியைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே படித்து, தன் கையாலேயே ஃபாக்ஸில் செருகினார்.

மதியம் இருவரும் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மெதுவான இசை முடிந்து அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். கோபாலசாமி வரவில்லை. கடைசிப் பெயருக்கு முன் வாசித்தவர் சிறிது நிறுத்தினார். காகிதம் சரசரத்தது. பிறகு, சின்னம்மா.

தெனி ரேடியோவை அணைத்தார். “நான் படிச்சேன்,” என்றார். “என் கண்ணால படிச்சேன்.” சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

தொலைபேசி அடித்தது. விநாயகம்.

“மதாம், வாங்க.”

“இந்தத் தடவை நான்...”

“தெரியும். வாங்க.”

தெனி வர மறுத்துவிட்டார். சிவகாமி தனியாக பஸ் பிடித்தாள். அழைத்த குரலில் கோபம் இருந்திருந்தால் போயிருக்க மாட்டாள். அதில் கோபமே இல்லை. தன்னால்தான் என்ற எண்ணம் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனது.

வீடு ஒரு சந்தின் கடைசியில், பள்ளத்தாக்கின் விளிம்பில் இருந்தது. மழை வரப்போகும் புழுக்கத்தில் அழுகிய மாம்பழ வாடை கனத்துக் கிடந்தது. ஆலை வேன் வாசலில் நின்றது. முற்றத்து நாற்காலிகளில் ஆண்கள் முழங்கால் மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கூடத்தில் பெண்கள் சுவரோரம் இருந்தார்கள். நடுவில் பாய். பாயின் மேல், வெள்ளைத் துணிக்கு அடியில், ஓர் உடல்.

“முதல் தடவை ஊரறிய எரிச்சோம்,” என்றான் விநாயகம். “முந்தாநாள் பேரை வாசிச்சதும் உள்ளறைக் கட்டில்ல மறுபடி கிடந்தாங்க. எல்லாரையும் அனுப்பிட்டு நானும் மாமாவும் மட்டும் கொண்டுபோய் எரிச்சோம். விடியுற வரைக்கும் பக்கத்திலேயே நின்னேன், மதாம். சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன்.”

அவன் துணியை விலக்கினான். நரைத்த தலைமயிரில் கம்பளித் தூசி ஒட்டியிருந்தது, இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்ததுபோல.

“கையை வச்சுப் பாருங்க.”

வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

“முந்தாநாள் இவ்வளவு சூடு இல்லை.”

மழை இறங்கவில்லை. வெளிச்சம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. சிவகாமிக்கு எழுந்து போக வேண்டும் என்று இருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு ரேடியோவில் அந்த மெதுவான இசை கேட்டது. மாலை வாசிப்பு. சில நாள் மதியம் படித்ததையே மறுபடி படிப்பார்கள்.

“நிறுத்தச் சொல்லுங்க,” என்றாள்.

விநாயகம் அசையவில்லை. “எத்தனை வீட்டில போய்ச் சொல்றது?”

எதிர் வீட்டிலும் அதே இசை. அதற்கப்பால் இன்னொன்று. சந்து முழுக்க ஒரே குரல். பெயர்கள். ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு அந்தச் சிறு நிறுத்தம்.

காகிதம் சரசரத்தது.

பெயர்.

பாயில் இருந்த உடல் அசையவில்லை. பெண்களில் இருவர் எழுந்தார்கள். சொல்லிவைத்ததுபோல், முதல் பாயை ஒட்டி இரண்டாவது பாயை விரித்தார்கள். மடிப்பை நீவிவிட்டார்கள்.

மூடியிருந்த உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது.

வெறுங்கால்கள். தரையில். மெதுவாக.

கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன. பெண்கள் தலையைக் குனிந்தபடி ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து வழி விட்டார்கள். கைப்பிடி திரும்பியது.