கொடியில் தொங்கிய மஞ்சள் ஏப்ரன்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை எட்டே காலுக்கு, வெர்னா தன் மூன்றாவது பிஸ்கட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, விடுதிக்காரி கோரின் சாப்பாட்டு அறைக்குள் வந்து, வெர்னாவின் கணவர் ஹார்லனின் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒற்றை முத்து ஒன்றை வைத்தாள்.

"மிஸ்டர் ஹார்லன், தீ விபத்து இன்ஷூரன்ஸ்ல முப்பத்தாறு வருஷம் நிஜத்தையும் பொய்யையும் பிரிச்சேன்னு நேத்து விருந்துல சொன்னீங்க. இதையும் கொஞ்சம் பிரிச்சுக் கொடுங்க. பன்னெண்டு மணிக்கு நான் போலீஸைக் கூப்பிடப் போறேன்."

வெர்னாவின் கத்தி பாதி பிஸ்கட்டில் நின்றது. மேக்கனிலிருந்து சவானாவுக்கு அவள் வந்ததே மூன்று நாள் ஒரு பாத்திரமும் கழுவாமல் சாய்ந்து கிடக்கத்தான். முதல் நாள் ஓக் மரங்களிலிருந்து தொங்கும் பாசித் தாடியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் பீக்கன் பருப்பு போட்டுச் சுட்ட இனிப்புப் பை நான்கு துண்டு சாப்பிட்டாள்; ஹார்லன் சொல்வதை நம்பினால் ஏழு. மூன்றாம் நாள் பொழுது எப்படிப் போகுமோ என்றிருந்தவளுக்கு ஒரு திருட்டே தட்டில் வைத்து வந்திருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் அந்த நிமிடம் அவளைவிடப் பூரித்த பெண்பிள்ளை வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

"யாரோட முத்து?" என்றாள், நாற்காலியை இழுத்துப் போட்டு.

முத்து, மாடி அறையில் தங்கியிருந்த மினசோட்டா தம்பதி ஸ்வான்சன்களுடையது. மனைவி மார்லீஸுக்கு அவளுடைய அம்மா கல்யாணத்தில் கொடுத்த மாலை. நேற்று மதிய விருந்து முடிந்ததும் கழற்றி மேஜை இழுப்பறையில் வைத்தாள். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்பதுக்கே படுத்தாள். காலையில் இழுப்பறை காலி. "நூல் நைஞ்சு போச்சு, இன்னைக்குப் பத்து மணிக்கு நகைக்கடையில புதுசாக் கோத்து வாங்கணும்னு நேத்துப் பூரா சொல்லிட்டிருந்தா, பாவம்," என்றாள் கோரின்.

"இந்த ஒண்ணு எங்க கிடைச்சது?"

கோரின் குரல் தணிந்தது. "தோட்டத்துக்குக் கமேலியா பறிக்கப் போனேன். துணிக்கொடியில நம்ம சமையல்காரி ஆர்டிலியாவோட மஞ்சள் ஏப்ரன் ஈரமாத் தொங்குது. பையைத் தொட்டா இது. திருடிப் பையில போட்டிருக்கா, வெளிய எடுக்கும்போது ஒண்ணு தங்கிடுச்சு. அது தெரியாம துவைச்சுப் போட்டுட்டா."

ஹார்லன் முத்தை வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு பக்கம் தோல் உரிந்த வெங்காயம் போல மங்கியிருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லில் மெல்ல உரசினார்.

"மனுஷா, அது சாட்சி. சாப்பிட்டுடாதே," என்றாள் வெர்னா.

"நீ விட்டு வச்சாத்தானே நான் வேறெதையாவது சாப்பிட," என்றபடி அவர் எழுந்து சமையலறைக்கு நடந்தார்.

வெர்னாவின் பூரிப்பு சமையலறை வாசலோடு தீர்ந்தது. பத்தொன்பது வருஷமாக அந்த விடுதியைத் துடைத்துச் சமைத்து நிமிர்த்தி வைத்திருந்த ஆர்டிலியா, கோட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். எதிரே மேஜையில் அவளுடைய கைப்பை கவிழ்ந்து கிடந்தது. சீப்பு, இருமல் மிட்டாய், பஸ் டிக்கெட், சர்ச் விசிறி. எதையும் அவள் பொறுக்கி உள்ளே போடவில்லை.

"கவுத்துக் காட்டுன்னாங்க. காட்டிட்டேன்," என்றாள்.

"நேத்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க, மிஸ் ஆர்டிலியா?"

"அஞ்சு மணி பஸ்ஸுக்கு. ஏப்ரனை அந்த ஆணியில மாட்டிட்டுப் போனேன். காலைல ஏழுக்கு வந்தேன். ஆணியில இல்ல. நான் துவைக்கலைன்னு சொன்னேன். காதுல ஏறல."

"ஏன் துவைக்கலைன்னு சொன்னீங்களா?"

அவள் ஹார்லனைச் சற்று நேரம் அளந்து பார்த்தாள். "தெரிஞ்சவங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?"

பிறகு பார்வை ஜன்னலுக்குப் போனது. "இந்தச் சதுக்கத்தச் சுத்தி இருபது வீடு. ஒரு வீட்டுல திருடின்னா இருபதுலயும் கதவ சாத்துவாங்க. அதக்கூடத் தாங்கிப்பேன். ஞாயித்துக்கிழம சர்ச்ல பாட்டுக்குழு முன்வரிசையில போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க?"

தோட்டத்துக்கு வந்ததும் வெர்னா கணவரின் சட்டைக் கையைப் பிடித்தாள். "வின்ஸ்லோதான். கோரினோட அண்ணன் பையன். அவன் முழியப் பாரு. முப்பது வயசுல இதுவரைக்கும் நாப்பது வேலை பார்த்திருக்கான். ராத்திரி இங்கதான் தூங்கினான்."

"முழியை வச்சு ஜெயிலுக்கு அனுப்பறதா இருந்தா உன் தம்பி எப்பவோ போயிருக்கணும்," என்றார் ஹார்லன். "மாடியில துணி அலமாரியைத் திறந்து என்ன இருக்குன்னு பார்த்துட்டு வா."

வெர்னா போனாள். திறந்ததும் விரிப்புகள் அவள்மேல் சரிந்தன. ஒரு பக்கம் அழுக்கு விரிப்புகள், கல்யாணத்துக்கு வந்த ஊர் ஜனம் மொத்தமும் படுத்து எழுந்தது போல ஒரு மலை. மறுபக்கம் காகிதம் பிரிக்காத புது விரிப்புகள், இன்னொரு மலை. முட்டி போட்டு எல்லாவற்றையும் திணித்துக்கொண்டிருந்தபோது வின்ஸ்லோ படியேறி வந்தான்.

"அதத் தொடாதீங்க ஆன்ட்டி. ஜனவரி ரெண்டாம் தேதி நான் ஒருத்தனா கீழ சுமக்கணும். வருஷா வருஷம் என் முதுகுக்கு இதான் கிறிஸ்துமஸ் பரிசு," என்று அலுத்துக்கொண்டான்.

வெர்னா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேக்கனில் அவளுடைய அத்தை ஒருத்தி அப்படித்தான். கிறிஸ்துமஸிலிருந்து புது வருஷம் தாண்டும்வரை வீட்டில் ஒரு கைக்குட்டைகூட நனையாது. அந்த நாட்களில் துணி துவைத்தால் குடும்பத்தில் ஒரு உயிரைத் துவைத்து அனுப்பிவிடுவோம் என்ற பயம். அது தெரியாமல் ஒருமுறை சாக்ஸைத் தண்ணீரில் போட்ட ஹார்லனை, அத்தை துடைப்பத்தோடு தெருமுனைவரை விரட்டியிருக்கிறாள். வெர்னா சொல்கிற கதையில் அது அட்லாண்டாவரை நீளும்.

பதினொரு மணிக்கு ஹார்லன் எல்லோரையும் முன்னறையில் உட்காரவைத்தார். கிறிஸ்துமஸ் மரத்தடியில் மார்லீஸ் அழுது வீங்கிய கண்களோடு இருந்தாள். அவள் தோளில் கை போட்டபடி கணவர் டுவேன். ஜன்னலோரம் வின்ஸ்லோ. ஆர்டிலியா மட்டும் உட்கார மறுத்து நின்றாள்.

"மிஸ் கோரின், மாடியில அத்தனை விரிப்பு ஏன் துவைக்காம கிடக்கு?"

"அதுவா, புது வருஷம் தாண்டற வரைக்கும் ஆர்டிலியா துணியைத் தண்ணியில போட மாட்டா. அவங்க அம்மா ஒரு வருஷம் மறந்துபோய்த் துவைச்சாங்க. அந்த மாசமே இவ தம்பி இறால் படகோட போயிட்டான். அதனாலதான் நான் புதுசு வாங்கி…"

கோரின் வாய் திறந்தபடி நின்றது. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது. ஆர்டிலியா அவளைப் பார்க்கவில்லை.

"அப்போ ஏப்ரனைத் துவைச்சது வேற கை," என்றார் ஹார்லன். "சும்மா பையில ஒரு முத்தைப் போட்டா, யாரோ வேணும்னு வச்சதாத் தெரியும். துவைச்சுக் காயப்போட்டா, அவளே மறந்து விட்டதாத் தெரியும். நல்ல மூளை. ஆனா இந்த வீட்டுக்குப் பழகின யாரும் அதைச் செய்ய மாட்டாங்க. மிஸ் கோரினுக்கு வழக்கம் தெரியும். வின்ஸ்லோவோட முதுகுக்கே தெரியும். என் பொண்டாட்டிக்கும் எனக்கும் துடைப்பத்தோட தெரியும். தெரியாதவங்க, முந்தாநாள் வடக்கே மினசோட்டாவுலேர்ந்து வந்த ரெண்டு பேர்."

"என் மாலையை நானே திருடுவேனா?" என்றாள் மார்லீஸ்.

"மாட்டீங்க. இது முத்தே இல்ல அம்மா, கண்ணாடி. அசல் முத்தைப் பல்லுல தேய்ச்சா மணல் மாதிரி நறநறங்கும். இது வழுக்குது. சலவைச் சோடாவும் சுடுதண்ணியும் பட்டு மேல்பூச்சு உரிஞ்சிருக்கு. இன்னைக்குப் பத்து மணிக்கு நகைக்கடைக்காரர் இதைக் கையில வாங்கின உடனே சொல்லியிருப்பார். கண்ணாடின்னு தெரிஞ்சிருந்தா நீங்க கடைக்கே கிளம்பியிருக்க மாட்டீங்க. அப்போ, தெரிஞ்சவர், நீங்க கடைக்குப் போகக் கூடாதுன்னு நினைச்சவர்…"

டுவேனின் கை மனைவியின் தோளிலிருந்து தானாக இறங்கியது.

"மெருகு போட்டுக் கொண்டுவந்து உனக்கு ஆச்சரியம் கொடுக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன்," என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "பஸ்ல விட்டுட்டேன். மூணு வருஷம் ஆச்சு. தேடாத இடமில்ல. உன்கிட்டச் சொல்ல வாய் வரல. அதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சேன். மீதியை இன்னைக்கு விடியக்காலைல ஆத்துல போட்டேன்."

"மூணு வருஷம்," என்றாள் மார்லீஸ். "போன வருஷம் அம்மாவ அடக்கம் பண்ணின அன்னைக்கு அந்தக் கண்ணாடியைத்தானே பிடிச்சுக்கிட்டு நின்னேன். சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன், டுவேன். ஒரே நாள்." அவள் ஆர்டிலியாவைக் கைகாட்டினாள். "அதுக்கு பயந்து இவங்களை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தியா?"

"அந்த ஏப்ரன் கண்ணுல பட்டுது. அது யாரோடதுன்னு நான் நினைச்சே பார்க்கல."

"அதான்," என்றாள் ஆர்டிலியா. அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை.

வெர்னா எத்தனையோ துப்பறியும் கதைகளில் இந்தக் கட்டத்துக்காகவே பக்கங்களைப் புரட்டியிருக்கிறாள். கைதட்டத் தோன்றும் என்று எண்ணியிருந்தாள். இப்போது வெளியே ஓடிப்போய் யார் வீட்டுப் பாத்திரத்தையாவது கழுவலாம் போலிருந்தது.

கோரின் எழுந்து ஆர்டிலியாவின் கையைப் பிடிக்க வந்தாள். "என்ன சொல்றதுன்னே தெரியல. நீ கோட்டைக் கழட்டு. உட்காரு. நான் காபி போடறேன்."

ஆர்டிலியா கையைக் கொடுக்கவில்லை. "காலைல என் பையை நான் கவுத்துக்கிட்டிருந்தப்போ, நீங்க கூடத்துல நின்னு மிஸ் யூலாலிக்கு போன் போட்டீங்க. கேட்டுது. மிஸ் யூலாலிக்குத் தெரிஞ்சா இந்நேரம் தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்."

"நான் பதட்டத்துல…"

"அவங்களுக்கே இப்பப் போடுங்க. நான் நின்னு கேக்கறேன்."

கோரின் அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை. கூடத்துக்குப் போய் எண்களைச் சுழற்றினாள். மறுமுனையில் எடுத்ததும் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது: "யூலாலி, நான்தான்… காலைல சொன்னேன்ல, அது தப்பு. ஆர்டிலியா எதையும் எடுக்கல."

"சத்தமாச் சொல்லுங்க. மிஸ் யூலாலிக்குக் காது மந்தம்," என்றாள் ஆர்டிலியா.

கோரின் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கத்தினாள். "ஆர்டிலியா எடுக்கல. நான்தான் அவமேல அபாண்டமாப் பழி போட்டேன்." குரல் கூடத்தைக் கடந்து, திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சதுக்கத்தில் இறங்கியது. குதிரை வண்டியில் ஊர் சுற்றிக்கொண்டிருந்த பயணிகள் ஏழெட்டுப் பேர் ஒரே திசையில் தலையைத் திருப்பியதை வெர்னா தன் கண்ணால் பார்த்தாள்.

ஆர்டிலியா கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேல்வரை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"பழின்னா தெருவுக்கே சொல்வாங்க. இல்லைன்னு சொல்ல அவங்க போன் அடுத்த வீட்டுக்குக்கூட எட்டாது," என்றாள். "இன்னும் பதினெட்டு வீடு இருக்கு, மிஸ் கோரின். எனக்கு இன்னைக்கு வேற வேலை இல்ல."

கோரின் மறுபடி எண்களைச் சுழற்றத் தொடங்கினாள்.