காணாமல் போன இருபது நிமிஷம்

"மேடம், நான் இருபது நிமிஷத்தைத் தொலைச்சிட்டேன். எங்கேன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

வேன் ஓட்டுநர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். அப்பா இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. துப்பறிவாளர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்தபடி, "முதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.

"அப்பாவுக்கு வீட்டுலயே ஆக்சிஜன். அன்னிக்கு நாலு மணிக்கு எங்க தெருமுனையில வண்டியோட நின்னப்போ அண்ணன் போன் பண்ணாரு. 'மீட்டர் முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டிடுச்சு, உடனே புது சிலிண்டர் கொண்டா'ன்னாரு. கிடங்கு அறுபது கிலோமீட்டர். போகும்போது அறுபதுல அழுத்தினேன். அங்க சிலிண்டர் ஏத்தித் தயாரா நின்ன வண்டியை மாத்தி எடுத்துக்கிட்டுத் திரும்பிட்டேன். பாரம் சாயும்னு வரும்போது முப்பதுதான். வீட்டுக்குள்ள நுழையறப்போ ஏழு. பழைய சிலிண்டர் ஆறு நாற்பதுக்கே தீர்ந்து..."

அவன் சட்டைப் பையிலிருந்து கணக்கெழுதிய தாளை எடுத்தான்.

"அறுபதும் முப்பதும் சேர்ந்தா சராசரி நாற்பத்தஞ்சு. நூத்திருபது கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நாற்பது நிமிஷம். மிச்ச இருபது நிமிஷம் எங்கடா நின்னேன்னு அண்ணன் கேக்கறாரு. நான் நிக்கல மேடம். ஆனா கணக்கு இடிக்குதே! ஓட்டும்போதே கண் அசந்துட்டேனோன்னு சோறு இறங்க மாட்டேங்குது."

பட்டாசு என்று எல்லோரும் கூப்பிடும் உதவியாளர் துள்ளி எழுந்தாள். "வழியில இருக்கிற கடைகள்ல விசாரிச்சுடட்டுமா மேடம்?"

"உட்காரும்மா. தம்பி, அறுபதுல எவ்வளவு நேரம் ஓட்டினீங்க?"

"ஒரு மணி நேரம்."

"முப்பதுல?"

"ரெண்டு..." அவன் வாய் அப்படியே நின்றது.

"மொத்தம் மூணு. வேகமா போனது ஒரு மணி நேரம், மெதுவா வந்தது ரெண்டு மணி நேரம். ரெண்டையும் சமமா எடுத்துக்கிட்டு எப்படிப் பாதியாக்க முடியும்? உங்க சராசரி நாற்பதுதான். நீங்க எதையும் தொலைக்கல."

இத்தனை நாளாக அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அம்மாள் விடவில்லை.

"முள் சிவப்பைத் தொட்டா எவ்வளவு நேரம் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு?"

"மூணு மணி நேரம். தொட்ட உடனே கூப்பிடச் சொன்னாரு."

"ஆறு நாற்பதுக்குத் தீர்ந்துச்சுன்னா?"

"மூணு நாற்பதுக்குத் தொட்டிருக்கணும்!" பட்டாசு வெடித்தாள். "போன் வந்தது நாலுக்கு!"

"அதனாலதான் 'தாண்டிடுச்சு'ன்னாரு. 'தொட்டுடுச்சு'ன்னு சொல்லல. இருபது நிமிஷம் காணாமப் போனது நிஜம். ரோட்டுல இல்ல, வீட்டுல."

வீடு திரும்பும் வழியெல்லாம் அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்குவதாகவே நினைத்துக்கொண்டு வந்தான். அண்ணன் அப்பாவின் வெறுங்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தம்பி கணக்கைச் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

"தெரியும்டா," என்றார் கடைசியில். "கணக்கு தப்புன்னு மறுநாளே தெரிஞ்சுபோச்சு. ஆனா நீ அதை நம்பிட்டே. எனக்கு அது வசதியா இருந்துச்சு. தொடர்ந்து ரெண்டு ராத்திரி தூங்கல. உட்கார்ந்தபடியே கண் அசந்துட்டேன்."

ஓங்கிய கோபம் தம்பியின் கையிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது ராத்திரி கண்விழிக்க வேண்டியது அவன். உடம்பு முடியவில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு, நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருந்தான்.

அவன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு என் முறைண்ணே," என்றான்.

"ஆமாம்," என்றார் அண்ணன்.